முயலுக்குப் புல்லே மருந்து

(வடமாலபேட்டையில், வீட்டில் முயல் வளர்ப்போர் கூடிய அவையில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற ஊர் இது. நான் தமிழில் பேசுகிறேன். தெலுங்கில் கேட்க விரும்புகிறவர்கள் முடிவில் தாராளமாகக் கேட்கலாம். எனக்குத் தெரிந்த தெலுங்கில் பதில் சொல்கிறேன்.

கூட்டம் தொடங்கும் முன்பே சிலர் என்னிடம் வந்து, “சார், எங்க முயலுக்கு வயிறு ரொம்ப மோசம். எதைப் போட்டாலும் ஒத்துக்க மாட்டேங்குது” என்றார்கள். முயல் வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் முறையீடு இது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முயலின் வயிறு நோஞ்சான் வயிறு என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காய்ந்த புல்லைத் தின்று அதிலிருந்தே உடம்பை வளர்த்துக்கொள்ளத் தெரிந்த வயிறு அது. அந்தப் புல்லை நிறுத்திவிட்டு ரொட்டி, பிஸ்கட், பொரி, சோறு, பழம் என்று நாம் போடுகிறோமே, அப்போதுதான் அது கெடுகிறது. வயிறு கெட்ட முயலுக்குப் புல்லைத் திருப்பிக் கொடுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் அதற்கு விளக்கம்.

நாம் வீட்டில் வளர்ப்பது நம் காட்டு முயல் இல்லை. மலையடிவாரத்திலும் கடலைக்கொல்லை வரப்பிலும் ஓடுகிற முயல் வேறு இனம். அதைப் பிடிப்பதும் கூண்டில் அடைப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டு முயலின் முன்னோர் ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளின் வறண்ட நிலங்களில் வளை தோண்டி வாழ்ந்தவை. கோடையில் காய்ந்து போகும் புல்லும், புதர்ச்செடியின் இலையும், பட்டையும்தான் அவற்றின் சாப்பாடு.

1859-இல் தாமஸ் ஆஸ்டின் என்ற நிலக்கிழார், வேட்டைப் பொழுதுபோக்குக்காக இங்கிலாந்திலிருந்து முயல்களை வரவழைத்து ஆஸ்திரேலியாவின் விக்டோரியா பகுதியில் அவிழ்த்துவிட்டார். ஐம்பது ஆண்டுக்குள் அவை கண்டத்தின் பெரும்பகுதியில் பரவிவிட்டன. 1901-இல் தொடங்கி 1907 வரை மேற்கு ஆஸ்திரேலியாவில் முயலைத் தடுப்பதற்கென்றே நெடுந்தூரம் வேலி போட்டார்கள். அந்த வறண்ட நாட்டில் அவற்றுக்கு யார் கேரட் வாங்கிப் போட்டார்கள்? யார் கடையில் விற்கும் பெல்லட் தீவனம் கொடுத்தார்கள்? கிடைத்த புல்லைத் தின்றுதான் அவ்வளவு பெருகின. அதே இனம் நம் வீட்டுக்குள் வந்ததும் வயிற்று நோயாளி ஆகிறதென்றால், கோளாறு தீனியில் இருக்கிறது.

இப்போது அந்த வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் புல்லைச் செரிக்கும் இடம் குடலுக்கு முன்னால், பெருவயிற்றில் இருக்கிறது. முயலுக்கு அது பின்னால் இருக்கிறது. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ‘சீக்கம்’ என்று ஒரு பெரிய பை உண்டு. முயலின் செரிமானப் பாதையில் உள்ள மொத்தப் பொருளில் ஏறக்குறைய 40 சதவீதம் அந்தப் பையில்தான் இருக்கும். கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அங்கே குடியிருந்து நார்ச்சத்தை நொதிக்கவைத்து முயலுக்குச் சத்தாக்கிக் கொடுக்கின்றன.

தின்ற புல் பெருங்குடலுக்கு வந்ததும், குடல் அதைச் சல்லடை போட்டதுபோலப் பிரிக்கிறது. பெரிய நார்த்துணுக்குகள் நேராக வெளியே போகின்றன. அவைதான் நாம் பார்க்கும் கெட்டியான, உருண்டையான புழுக்கை. பொடியான துகள்களும் நீரும் பின்னோக்கித் தள்ளப்பட்டு சீக்கத்துக்குள் போகின்றன. அங்கே நொதித்தபின் வேறொரு வகைப் புழுக்கையாக வெளிவருகின்றன. அது மெத்தென்று, பளபளப்பாக, கொத்தாக இருக்கும், நாற்றமும் அதிகம். முயல் அதைக் கீழே விழவிடாமல் ஆசனவாயிலிருந்தே வாயால் எடுத்து விழுங்கிவிடும். 1882-இல் மோரோ என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் இதை விளக்கி எழுதினார். பார்க்கிறவர்கள் அருவருப்பு அடைகிறார்கள். சில வீடுகளில் “அசிங்கம்” என்று அடிக்கவும் செய்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். புரதமும், பி வகை வைட்டமின்களும், வைட்டமின் கே-யும் முயலுக்கு அதிலிருந்து கிடைக்கின்றன. ஒரே உணவை இரண்டு முறை செரித்துச் சத்தெடுக்கும் உடம்பு அது.

இந்த ஏற்பாடு முழுவதும் நாரை நம்பி நிற்கிறது. செரிக்காத நீண்ட நார் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் குடல் அசைந்துகொண்டே இருக்கும். நார் குறைந்தால் குடல் மந்தமாகும். அதே வேளையில் மாவும் சர்க்கரையும் மிகுந்தால், அவை சீக்கத்துக்குள் வந்து அங்குள்ள நுண்ணுயிர்களின் சமநிலையைக் குலைக்கும். நல்லவை குறைந்து, நஞ்சு சுரக்கும் கிளாஸ்டிரிடியம் போன்றவை பெருகும். வாயு சேரும், வலி வரும், வலியால் முயல் சாப்பிடாது, சாப்பிடாததால் குடல் இன்னும் நிற்கும். முயலுக்கு வாந்தி எடுக்கவும் வராது. உள்ளே போனது கீழ்வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதனால்தான் குடல் நின்றுபோவது முயலுக்கு உயிர்போகும் காரியம்.

பல்லுக்கும் இதில் பங்கு உண்டு. முயலின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்பவை. முன்பல் மட்டும் வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்கும் மேல் வளரும். புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்து மென்றால்தான் கடைவாய்ப்பல் தேயும். புல்லில் உள்ள மணல்சத்து அந்தத் தேய்மானத்துக்கு உதவுகிறது. பெல்லட்டை நாலு கடி கடித்தால் நொறுங்கிவிடும். பல்லுக்கு வேலை இல்லை. பல் கூராக வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் குத்தும். வாய் வலியால் முயல் தின்னாமல் இருக்கும். நாமோ வயிறு சரியில்லை என்று நினைத்துக்கொள்வோம்.

இனி நம் வீடுகளில் நடக்கும் தவறுகளுக்கு வருகிறேன்.

முதலாவது கேரட். 1940-இல் திரைக்கு வந்த பக்ஸ் பன்னி கார்ட்டூன் முயல் கேரட்டைக் கடித்துக்கொண்டே பேசியது. அதைப் பார்த்த உலகம் முழுவதும் முயலுக்குக் கேரட்தான் சாப்பாடு என்று நம்பிவிட்டது. கேரட் கிழங்கில் சர்க்கரை அதிகம். விரல்கணு அளவு துண்டு வாரத்தில் ஓரிரு நாள் போதும். கேரட்டின் மேல் உள்ள பச்சை இலை அதைவிட எவ்வளவோ நல்லது.

இரண்டாவது தானியம். முயலை எலிக் கூட்டத்தோடு சேர்த்துப் பார்ப்பதால் வரும் தவறு இது. அறிவியலாளர்களே 1912 வரை முயலைக் கொறிக்கும் விலங்குகளோடுதான் வைத்திருந்தார்கள். அந்த ஆண்டில்தான் கிட்லி என்ற அமெரிக்க அறிஞர் முயலினத்தைத் தனி வரிசையாகப் பிரித்தார். எலி விதை தின்னும். முயல் புல் தின்னும். அரிசி, கம்பு, சோளம், கடலைப்பருப்பு, தவிடு, புண்ணாக்கு எல்லாம் சீக்கத்தைக் கெடுக்கும் வழிகள். கோழித் தீவனம் கூடவே கூடாது. அதில் கோழிக்காகச் சேர்க்கும் சில மருந்துகள் முயலுக்கு நஞ்சு.

மூன்றாவது மாம்பழத் தோல். தோத்தாபுரி விளையும் சீமை இது. காய்ப்புக் காலத்தில் எந்த வீட்டிலும் தோலுக்கும் கொட்டைக்கும் குறைவில்லை. முயல் ஆசையாகத் தின்கிறதே என்று பிள்ளைகள் அள்ளிப் போடுகிறார்கள். ஆசையாகத் தின்பதெல்லாம் ஒத்துக்கொள்ளும் என்று பொருளில்லை. பழம் எதுவானாலும் ஒரு சிறு துண்டு, அதுவும் வயிறு நன்றாக இருக்கும் முயலுக்கு மட்டும்.

நான்காவது, பெல்லட் மட்டுமே போட்டு வளர்ப்பது. கடையில் விற்கும் தீவனம் பலவும் கறிக்காக முயல் வளர்க்கும் பண்ணைகளுக்குச் செய்தது. அங்கே சில மாதங்களில் எடை ஏறினால் போதும். நம் வீட்டு முயல் எட்டு பத்து வருடம் வாழவேண்டியது. வளர்ந்த முயலுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளைக்கு 25 கிராம் பெல்லட் என்பதே மேல் எல்லை. வயிறு கெடும் முயலுக்கு அதையும் குறைக்கலாம். புல்லை நன்றாகத் தின்னும் முயல் பெல்லட் இல்லாமலே வாழும்.

அப்படியானால் எதைக் கொடுப்பது? தட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புல்லும் காய்ந்த புல்லும் இருக்கட்டும். தினமும் முயலின் உடம்பளவு ஒரு கட்டுப் புல் அதன் முன்னால் எப்போதும் இருக்கவேண்டும். மேலை நாட்டுக்காரர்கள் திமோத்தி என்ற புல்லைக் காயவைத்துக் கொடுக்கிறார்கள். இங்கே அதை இறக்குமதி செய்து பாக்கெட்டில் விற்கிறார்கள், விலை அதிகம். வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள். முடியாதவர்கள் மனம் குன்ற வேண்டாம். நம் மண்ணில் விளையும் புல்லே போதும்.

வரப்பில் முளைக்கும் அருகம்புல், தெலுங்கில் கரிக, முயலுக்கு மிக நல்ல தீனி. மேய்ச்சல் நிலங்களில் உள்ள கொழுக்கட்டைப் புல் நம் வறட்சியைத் தாங்கும், நன்றாகக் காயும். கினியா புல் தென்னை மர நிழலிலும் வளரும். ஒரு சென்ட் இடத்தில் நட்டால் ஓரிரு முயலுக்கு வருடம் முழுவதும் வெட்டலாம். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை முற்றவிடாமல் வெட்டி, மற்ற புல்லோடு கலந்து கொடுங்கள். அதில் ஆக்சலேட் என்ற பொருள் இருப்பதால் அது ஒன்றையே தினமும் போட வேண்டாம்.

பயறு இனத் தீவனங்களைத் தனியாகச் சொல்லவேண்டும். குதிரைமசால், வேலிமசால், முயல்மசால், அகத்தி, கடலைக்கொடி ஆகியவற்றில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். வளரும் குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் இவை நல்லவை. வளர்ந்த முயலுக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். நம் உடம்பு தேவையான அளவு சுண்ணாம்பை மட்டும் உணவிலிருந்து உறிஞ்சும். முயலின் உடம்பு வருவதை எல்லாம் உறிஞ்சி, மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும். அளவு மீறினால் சிறுநீர்ப்பையில் சுண்ணாம்பு வண்டல் சேரும், கல்லும் உண்டாகும். சுபாபுல் இலையில் மிமோசின் என்ற நஞ்சு இருப்பதால் வயிறு கெட்ட முயலுக்கு அது வேண்டவே வேண்டாம்.

கடலைக்கொடி பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் கடலை அறுவடை முடிந்ததும் கொடி மலிவாகக் கிடைக்கும். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த கொடியை மட்டும் தொடாதீர்கள். அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைத் தாக்கும்.

வைக்கோலைக் கேட்பீர்கள். நெல் வைக்கோல் படுக்கைக்கு ஆகும். முயல் அதைக் கடித்தால் கெடுதல் இல்லை. ஆனால் அதில் சத்து மிகக் குறைவு. அதை மட்டும் நம்பக்கூடாது. பூக்காத இளஞ்சோளப் பயிர் மாட்டுக்கே ஆகாது என்பது விவசாயிகளுக்குத் தெரியும், முயலுக்கும் ஆகாது. எருக்கு, அரளி, ஊமத்தை, ஆமணக்கு, பார்த்தீனியம் ஆகியவை புல்லோடு கலந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புல்லை எங்கே அறுக்கிறோம் என்பதும் முக்கியம். திருப்பதி – சென்னை நெடுஞ்சாலை ஓரத்துப் புல்லில் வண்டிப் புகையும் தூசியும் படிந்திருக்கும். நாய்கள் அசுத்தம் செய்திருக்கும். மாந்தோப்புக்குள் புல் செழித்திருந்தாலும், மரத்துக்கு மருந்து அடித்த பிறகு அதைத் தொடக்கூடாது. தோட்டக்காரரிடம் எப்போது அடித்தீர்கள் என்று கேட்டுவிட்டு அறுப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஈரப்புல் தின்றால் முயல் செத்துவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. பனியும் தண்ணீரும் தானாக முயலைக் கொல்வதில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அறுத்த புல்லைக் குவித்து மூட்டையில் கட்டிவைத்தால் உள்ளே சூடாகிப் புளிக்கும். அதைத் தின்றால் வயிறு ஊதும். முயல் கழிவு பட்ட புல்லில் காக்சிடியா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் இருக்கும். குட்டிகளைக் கழிச்சலில் கொல்வது பெரும்பாலும் அதுதான். ஆகவே சுத்தமான இடத்தில் அறுத்து, அலசி, உதறி, நிழலில் பரப்பி வாடவிட்டுக் கொடுங்கள். தரையில் போடாமல் தட்டியில் சொருகிக் கொடுங்கள்.

காய்ந்த புல்லை வீட்டிலேயே செய்யலாம். பூ விடத் தொடங்கும் பருவத்தில் அறுங்கள். அப்போது நாரும் சத்தும் சரியாக இருக்கும். ஒரு நாள் வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவையுங்கள். பிறகு நிழலில் உலர்த்துங்கள். முறுக்கினால் தண்டு ஒடியவேண்டும். பச்சை நிறம் கொஞ்சம் மிஞ்சவேண்டும். வாசனை இனிமையாக இருக்கவேண்டும். தரையில் படாமல் பரண் மீது, காற்றோட்டமாக அடுக்குங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்த மார்கழி, தை மாதங்களில் புல்லும் இருக்கும், வெயிலும் இருக்கும். அப்போது சேர்த்துவைத்தால் கோடை முழுவதும் தாங்கும்.

இனி வயிறு ஏற்கெனவே கெட்டுப்போன முயலுக்கு என்ன செய்வது?

முதலில் புழுக்கையைப் பாருங்கள். உருண்டையாக, பெரிதாக, உடைத்தால் நார் தெரிந்தால் நல்லது. சிறுத்துப் போனால், எண்ணிக்கை குறைந்தால் குடல் மந்தமாகிறது. பின்பக்கத்தில் பசைபோல ஒட்டிக்கொண்டிருந்தால், அது பெரும்பாலும் முயல் தின்னாமல் விட்ட மெத்தென்ற புழுக்கை. மாவும் சர்க்கரையும் அதிகம், நார் குறைவு என்று அது சொல்கிறது. அந்த அழுக்கை அப்படியே விட்டால் நம் வெயிலில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். துடைத்துச் சுத்தம் செய்யுங்கள்.

முயல் சுறுசுறுப்பாக இருந்து, தின்றுகொண்டும் இருந்தால், தானியம், பழம், பிஸ்கட் ஆகியவற்றை அன்றே நிறுத்துங்கள். பெல்லட்டை 7 முதல் 10 நாட்களில் படிப்படியாகக் குறையுங்கள். காய்ந்த புல்லும் தண்ணீரும் எந்த நேரமும் இருக்கட்டும். புழுக்கை சீரான பிறகு பச்சிலையை ஒவ்வொன்றாகச் சேருங்கள். முதலில் சிறிது கொத்தமல்லி. இரண்டு நாள் புழுக்கையைப் பாருங்கள். சரியாக இருந்தால் அளவைக் கூட்டுங்கள். பிறகு புதினா, துளசி, கேரட் இலை. முட்டைக்கோஸ் வாயு உண்டாக்கும், சேர்க்க வேண்டாம். எந்தத் தீனியையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். சீக்கத்து நுண்ணுயிர்கள் புதிய உணவுக்குப் பழக நாளாகும். “வயிறு கெட்டிருக்கிறது, பட்டினி போடுவோம்” என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். பட்டினி கிடந்தால் முயலின் கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

கோடையை மறக்கக்கூடாது. கொடைக்கானல் மலைமேல் மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென் மண்டல நிலையம் இருக்கிறது. அங்கே வளர்க்கும் ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்கள் குளிருக்குப் பழகியவை. அதே இனங்கள் திருப்பதிப் பக்கத்து வெயிலில் 30 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கும். தவிக்கும் முயல் தின்னாது. தின்னாவிட்டால் குடல் நிற்கும். விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பின்பும் தீனி போடுங்கள். தண்ணீரைக் கிண்ணத்தில் வையுங்கள். நாளைக்கு இருமுறை மாற்றுங்கள். உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள்.

இவ்வளவு சொன்ன நானே இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். புல் மருந்துதான், ஆனால் எல்லாக் கட்டத்துக்கும் அது மருந்தாகாது. 12 மணி நேரம் முயல் ஒன்றும் தின்னாமல் இருந்தால், புழுக்கை போடாவிட்டால், கூனிக்குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தால், வயிறு விறைத்தால், காது சில்லிட்டால், தண்ணீராகக் கழிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கைவைத்தியம் பார்க்காதீர்கள். விளக்கெண்ணெய், பால், மனிதர்களுக்கான மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் போன்ற ஆன்டிபயாடிக்கை வாய்வழி கொடுத்தால், அது குடலின் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று முயலையும் கொன்றுவிடும்.

எலும்பு முறிந்தால் எங்கிருந்தெல்லாமோ மக்கள் பக்கத்தில் உள்ள புத்தூருக்குக் கட்டுப் போட வருகிறார்கள். கால்நடைக்கும் நமக்கு அப்படியொரு பாக்கியம் அருகிலேயே இருக்கிறது. திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி நடக்கிறது. 2005 முதல் அது ஸ்ரீ வேங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. போகும்போது முயல் கடைசியாக எப்போது தின்றது, என்ன தின்றது என்று சொல்லுங்கள். புழுக்கையையும் ஒரு பொட்டலத்தில் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்கு அதைவிட நல்ல தகவல் வேறில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கேட்கிறதே என்று சந்தையில் கண் திறந்து சில நாளே ஆன குட்டியை வாங்காதீர்கள். தாய்ப்பாலை மறந்து புல்லுக்கு மாறும் 4 முதல் 8 வாரம் வரையிலான காலம்தான் முயலின் வயிற்றுக்கு மிக ஆபத்தான காலம். அதற்குப் பிறகு வாங்குங்கள். வாங்குவதற்கு முன் கொல்லையில் கினியா புல்லை நடுங்கள். ஒரு கருக்கரிவாள் வாங்கிவையுங்கள். புல்லுக்கு வழி செய்ய முடியாத வீடு முயலை வாங்காமல் இருப்பதே முயலுக்குச் செய்யும் நன்மை.

முயல் வாய்விட்டு வலியைச் சொல்லாத பிராணி. அதன் சார்பில் நான் உங்களிடம் கேட்பது இது ஒன்றுதான்: இன்று வீட்டுக்குப் போனதும் பிஸ்கட் டப்பாவை எடுத்து மேலே வைத்துவிடுங்கள், நாளைக் காலையில் ஒரு கட்டுப் புல் அறுத்துப் போடுங்கள்.